துடைத்துத் தேய்ந்த துப்பாக்கி

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்ற பழமொழியை விடாமுயற்சி என்னும் தலைப்பின் கீழ் வைத்துப் பாடம் நடத்துவது உபாத்தியாயர்களாகிய நமது வழக்கம். எறும்பின் பக்கம் நின்று பார்த்தால் அது விடாமுயற்சிதான், சந்தேகமில்லை. ஆனால் கல்லின் பக்கம் நின்று பார்த்தால் அதே பழமொழிக்கு வேறொரு பொருளும் உண்டு. அந்த இரண்டாவது பொருளை நமக்குக் கற்பித்தது ஒரு துப்பாக்கி.

துப்பாக்கி என்றதும் தாய்மார்கள் முகத்தைச் சுளித்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் யுத்தத்தைப் பற்றி எழுத வரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பௌதிகம் கற்பித்துப் பிழைக்கும் சாதாரண உபாத்தியாயர் நாம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வகுப்புப் பாடமும் விடைத்தாள்களும் போதாவென்று, தேசிய மாணவர் படையின் பொறுப்பும் நமது தலையில் ஏறியிருக்கிறது. அந்தப் பொறுப்பில் இருப்பவர்கள் வருஷத்தில் பத்து நாள் மாணவர்களோடு முகாமில் தங்கி, அவர்களோடு சேர்ந்து துப்பாக்கி துடைக்கவும் வேண்டும். இந்தக் கட்டுரை துடைப்பதைப் பற்றியதுதான்.

மாணவர் கையில் துப்பாக்கி எப்படி வந்தது என்பதை இரண்டொரு வார்த்தைகளில் சொல்லிவிடுகிறோம். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அனுமதிச் சீட்டில்லாத இந்தியன் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. பிறகு 1917இல் சர்வகலாசாலை மாணவர்களுக்கென்று ஒரு சிறு படை அமைந்தது. அது சிலருக்கே கிட்டிய பாக்கியம். நம் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே, உசிலம்பட்டிப் பக்கத்திலுள்ள பெருங்காமநல்லூர் மக்களோ துப்பாக்கியை எதிர்ப்புறத்தில்தான் கண்டார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்ற அவர்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீசார் சுட்டதில் பதினாறு உயிர்கள் போயின. 1946இல் பண்டித ஹிருதயநாத குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு கூடி ஆராய்ந்தது. அதன் பயனாக 1948இல் சட்டம் நிறைவேறித் தேசிய மாணவர் படை பிறந்தது. அடுத்த வருஷமே பெண்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆகவே, நமது மாணவன் தோளில் சாத்தும் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் அன்று. ஒரு தேசம் தன் பிள்ளைகளை நம்பிக் கொடுத்த பொதுச் சொத்து. அதைப் பழுதின்றி வைத்திருப்பது அந்த நம்பிக்கைக்குச் செய்யும் மரியாதை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு முகாமில், .22 துப்பாக்கியால் 25 கஜ தூரத்தில் இலக்கைச் சுடும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒருவன் ஐந்து ரவைகள் சுட வேண்டும். ஐந்து துளைகளும் ஒரு ரூபாய் வட்டத்துக்குள் அடங்கினால் உத்தமம். தேங்காய் மூடிக்குள் அடங்கினால் மத்திமம். திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் ஒரு தாயின் மகன், ஒன்பதாம் வகுப்பு மாணவன், சுட்ட ஐந்தும் இலக்குத் தாளில் திசைக்கொன்றாய்ச் சிதறிக் கிடந்தன. மறுநாளும் அப்படியே. பயிற்சியாளர் ஒருவர், "கை நடுக்கம், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்" என்று சொல்லி, போட்டிக்குரிய அணியின் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டார். பையன் மறுவார்த்தை பேசவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பழி தம்மீது விழும்போது பெரும்பாலும் பேசுவதில்லை. அது நியாயம் என்று ஒப்புக்கொண்டதாக அதற்கு அர்த்தமன்று. பேசிப் பயனில்லை என்பதுதான் அர்த்தம்.

அன்று மாலை வழக்கம்போல் துப்பாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். குழலைத் துடைப்பதற்குப் 'புல்த்ரூ' என்ற கயிறு ஒன்று உண்டு. ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறு முனையில் கண்ணி. கண்ணியில் துணித்துண்டைக் கோத்து, குண்டைக் குழலின் பின்புறமாக உள்ளே விட்டு, வாய்ப்புறமாக வெளியே இழுக்க வேண்டும். பழைய .303 துப்பாக்கிக்குத் துணியின் அளவுகூடத் திட்டமாக வகுத்திருந்தார்கள்: உலர்ந்த துணியால் துடைப்பதற்கு 4 அங்குலத்துக்கு 2 அங்குலம், எண்ணெய் பூசுவதற்கு 4க்கு 1½. எண்ணெய்த் துணி இறுக்கமாயிருந்தால் பூசிய எண்ணெயைத் தானே வழித்துக்கொண்டு வந்துவிடும் அல்லவா? அதற்காகத்தான் அந்த அரை அங்குலக் குறைவு.

துடைத்து முடித்த துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, "சார், இதோட வாய் மட்டும் ஒரு பக்கம் பளபளன்னு இருக்கு. மத்ததுல இப்படி இல்ல" என்றாள்.

மகா வாக்கியம் என்று அதைச் சொல்லலாம். பழுது காண்பதற்கு வேண்டிய இரண்டு விஷயங்களும் அதற்குள் அடங்கிவிட்டன. "ஒரு பக்கம் மட்டும்" என்பது ஒன்று. "மற்றதில் இல்லை" என்பது மற்றொன்று.

உழைக்கும் இயந்திரம் எதுவாயினும் தேய்ந்தே தீரும். தேய்மானமெல்லாம் பழுது என்று எண்ணினால் உலகத்தில் ஒரு தையல் இயந்திரமும் மிஞ்சாது. துப்பாக்கியில் போல்ட் முன்னும் பின்னும் வழுக்குகிற தடத்தில் கறுப்புப் பூச்சு போய் வெள்ளையாக மின்னும். கை பிடிக்கிற இடத்தில் மரம் வழவழப்பாகும். இவை சகஜம். கவலைக்குரிய தேய்வை மூன்று கேள்விகளால் பிரித்தறியலாம். இரண்டு பக்கமும் சமமாகத் தேய வேண்டிய உறுப்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? தேய்ந்த இடம் வழவழப்பாக இராமல் கீறலும் பிசிறுமாக இருக்கிறதா? ஒன்றோடொன்று உராயவே இடமில்லாத பகுதியில் உராய்ந்த அடையாளம் காண்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை வந்தாலும் அங்கே ஏதோ ஒன்று தன் வழியை விட்டு விலகி நடக்கிறது என்று அறியலாம். குழலின் வாய் விளிம்போ, எதனோடும் உராயக் கூடாத இடம். ரவை வெளியேறும் அந்தக் கணத்தைத் தவிர அதற்கு வேறு வேலையே இல்லை.

பட்டியலில் பெயர் அடிபட்ட பையன் சுட்டது இந்தத் துப்பாக்கியால்தான் என்பது பதிவேட்டைப் பார்த்ததும் தெரிந்தது. ஆனாலும் பளபளப்பைக் கண்டவுடனே தீர்ப்புச் சொல்லிவிடுவது பௌதிக உபாத்தியாயருக்கு அழகன்று. முதலில் மற்ற சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டோம். முன்குறி ஆடுகிறதா? ஆடவில்லை. குழலை மரத்தோடு பிணைக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா? இல்லை. குழலுக்குள் ஈயம் படிந்திருக்கிறதா? இருந்தது கொஞ்சம்; அதைச் சுத்தம் செய்தோம். பிறகு போல்ட்டைக் கழற்றி, அறை காலியாயிருப்பதை இருவர் தனித்தனியே பார்த்து உறுதி செய்த பின், குழலின் அடிப்புறத்தில் வெள்ளைக் காகிதம் ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, அதன் மீது விளக்கொளி விழச் செய்து, வாய்ப்புறமாகப் பூதக்கண்ணாடியால் நோக்கினோம்.

குழலின் உட்புறம் வெறும் ஓட்டையன்று. பம்பரத்துக்குச் சாட்டை எப்படியோ அப்படி ரவையைச் சுழற்றிவிடுவதற்காக உள்ளே திருகு வரிகள் வெட்டியிருக்கும். .22 குழலில் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ரவை வெளிவரும்போது வினாடிக்குச் சுமார் 800 தடவை சுழன்றுகொண்டிருக்கும். இத்தனை வித்தையைச் செய்யும் அந்த வரிகளின் உயரமோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! நாம் பார்த்த குழலில் வரிகள் எங்கும் கூர்மையாக இருந்தன. வாயை நெருங்கும் கடைசி இடத்தில் மட்டும் ஒரு பக்கத்து வரிகள் மழுங்கி மறைந்திருந்தன. வட்டமாக இருக்க வேண்டிய விளிம்பு ஒரு பக்கமாய் இழுபட்டு, நீர் சிந்தும் பானையின் வாய்போல் இருந்தது.

நமது ஊர்த் திராட்சை விவசாயிகளுக்கு இதன் விளைவை விளக்கத் தேவையில்லை. மருந்து தெளிக்கும் கருவியின் நாசில் ஒரு பக்கம் தேய்ந்துவிட்டால் மருந்து ஒரு கொடியில் கொட்டும், பக்கத்துக் கொடியில் படவே படாது. துப்பாக்கியிலும் அதுவே. ரவை வாயை விட்டு நீங்கும் கணத்தில் பின்னாலிருந்து தள்ளும் வாயு, சுற்றிலும் ஒரே சமயத்தில் வெளியேற வேண்டும். ஒரு பக்கம் பள்ளமாயிருந்தால் அந்த வழியாக முந்திக்கொண்டு பாய்ந்து, ரவையின் பிட்டத்தில் ஒரு தட்டுத் தட்டிவிடுகிறது. இங்கே மயிரிழை சாய்ந்தது இருபத்தைந்து கஜத்தில் அங்குலக் கணக்கில் விலகிப் போகிறது.

மறுநாள் காலை முகாம் தலைவரின் அனுமதி பெற்று ஒரு சிறு பரீட்சை செய்தோம். பளபளப்பைக் கண்டுபிடித்த மாணவிதான் முகாமிலேயே நன்றாகக் குறி பார்ப்பவள். அவளுடைய துப்பாக்கியைப் பையனிடமும் பையனுடைய துப்பாக்கியை அவளிடமும் கொடுத்தோம். அவள் சுட்ட ஐந்தும் சிதறின. பையன் சுட்ட ஐந்தும் தேங்காய் மூடிக்குள் அடங்கின. ரூபாய் வட்டம் என்று சொல்லிக் கதையை அலங்கரிக்க நமக்கு மனமில்லை, மூடியளவுதான். ஆனால் நடுங்கியது கையன்று, குழல்தான் என்று நிரூபிக்க அது போதுமானதாயிருந்தது.

சரி, உராயக் கூடாத இடம் எப்படி உராய்ந்தது? வாயைத் தொட்டுக்கொண்டு தினந்தோறும் போவது ஒன்றே ஒன்றுதான். நாம் துடைக்கும் கயிறு! குழலுக்கு நேராக இழுத்தால் அது விளிம்பைத் தொடாது. ஆனால் உயரம் குறைந்த பிள்ளைகள் பட் கட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மேலே எட்டி, கயிற்றைத் தம் பக்கமாகச் சரித்து இழுக்கிறார்கள். எப்போதும் ஒரே பக்கம் நின்று, ஒரே கோணத்தில் இழுக்கிறார்கள். இன்றைய பிள்ளைகள் மட்டுமல்ல. அந்தத் துப்பாக்கி கண்ட எத்தனையோ முகாம்களின் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படியே இழுத்திருக்க வேண்டும்.

"நூல் கயிறு எஃகை அறுக்குமா?" என்று மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. விடையைத் தேடிக் கயிற்றை ஒரு கண்ணாடித் தம்ளர் மண்ணெண்ணெயில் அலசி வைத்தோம். காலையில் தம்ளரின் அடியில் மென்மணல் ஒரு வரி படிந்திருந்தது. கயிற்றைச் சுருட்டாமல் தரையில் போட்டு எடுப்பதால் மண் நாருக்குள் புகுந்துவிடுகிறது. குவார்ட்ஸ் மணல் குழல் எஃகைக் காட்டிலும் கடினமானது. கயிறு மென்மையாக இருப்பதால்தான் ஆபத்து. மென்மையான பொருளில் மணல் பதிந்து நின்றுகொண்டு கடினமான பொருளை அராவுகிறது. நம் ஊரில் அரிவாள் தீட்டும் பழைய சாணையை அரக்கில் குருந்தக்கல் பொடியைக் கலந்து செய்வார்கள். அரக்கு மெதுவானது, அதில் பதிந்த பொடி இரும்பைத் தின்றுவிடும். குருந்தம் என்ற தமிழ்ச் சொல்தான் இங்கிலீஷில் 'கொரண்டம்' ஆயிற்று என்பதையும் இந்த இடத்தில் பெருமையோடு நினைவூட்டி வைத்தோம். கமலை ஓடிய காலத்துக் கிணறுகளும், கையால் நீர் இறைத்த வீட்டுக் கிணறுகளும் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் விளிம்புக் கல்லில் விரல் பதியும் ஆழத்துக்குக் கயிற்றுத் தடம் இருப்பதை அறியாத பிள்ளை இல்லை. தாத்தா வீட்டுக் கிணற்றில் கண்டதைத்தான் துப்பாக்கியின் வாயிலும் கண்டார்கள்.

இது நமது பள்ளத்தாக்கின் புதுமையன்று. .303 துப்பாக்கி வழங்கிய காலத்திலேயே கயிற்றுத் தேய்வு என்று அதற்குத் தனிப் பெயரிட்டு, நேராக இழுக்கும்படியும் கயிற்றில் மண் படாதபடியும் ராணுவத்தார் எச்சரித்திருக்கிறார்கள். 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற காரண்ட் துப்பாக்கியின் பின்புறம் மூடியிருந்தபடியால், துடைக்கும் கம்பியை வாய்வழியாகவே நுழைக்க வேண்டியிருந்தது. அதனால் வாய் தேய்ந்த காரண்டுகள் அநேகம். பழைய காரண்ட் வாங்குகிறவர்கள் இன்றும் முதலில் வாயைத்தான் அளந்து பார்க்கிறார்கள். ருஷ்யாவில் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், வாய் தேய்ந்த மோசின் துப்பாக்கிகளின் குழல் நுனியை உட்புறமாகக் கடைந்து, தேயாத வரிகளிலிருந்து ரவை நீங்கும்படி செய்து மறுபடி உபயோகித்தார்கள்.

இத்தனை பேர் இத்தனை கவனத்தோடு துடைத்ததற்கும் காரணம் இருந்தது. அக்காலத்துத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் சமையல் உப்புக்கு உறவான ஓர் உப்பாகக் குழலுக்குள் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவைக் கிளப்பும். எண்ணெயில் உப்புக் கரையாது. எண்ணெய்க்கு அடியிலேயே துரு வேலை செய்யும். இதை 1922இல் அமெரிக்கச் சுரங்க இலாகாவைச் சேர்ந்த ஹஃப் என்பவர் தெளிவாக்கினார். அதனால்தான் அந்நாளில் குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். இன்றைய .22 தோட்டாவில் பெரும்பாலும் அந்த உப்பு இல்லை. காரணம் போய்விட்டது, பழைய மும்முரம் மட்டும் போகவில்லை. அணிவகுப்பில் பார்வையிடுகிறவர் வெள்ளைத் துணியை விட்டுப் பார்ப்பார் என்று அஞ்சி, சுத்தமான குழலையே மேலும் பத்துத் தடவை இழுக்கிறார்கள்.

கண் திறந்துவிட்டால் ஒன்றோடு நிற்பதில்லை. மற்றத் துப்பாக்கிகளையும் அன்றே ஆராய்ந்தோம். ஒன்றில், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு எளிதில் வெளிவராமல் அடம் பிடித்துக்கொண்டிருந்தது. கூட்டை எடுத்து நோக்கினால் அதன் விளிம்பருகே எப்போதும் ஒரே இடத்தில் ஒரு கீறல். .22 தோட்டாவில் ஊசி நடுவில் அடிப்பதில்லை, விளிம்பில் அடிக்கிறது. உள்ளே தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பழகினால், சில துப்பாக்கிகளில் அந்த ஊசி நேரே அறையின் விளிம்பு எஃகில் மோதி ஒரு பிசிறை உண்டாக்கிவிடும். அந்தப் பிசிறுதான் கூட்டைப் பிடித்துக்கொள்கிறது. வெறுமனே குறி பார்க்கும் பயிற்சிக்குப் போலித் தோட்டாவை இட்டுக்கொள்ள வேண்டும் என்ற விதி எதற்காக என்று அன்று எல்லாருக்கும் விளங்கியது.

இரண்டு துப்பாக்கிகளையும் நாம் தொட்டுச் சீர்திருத்தவில்லை. அரம் கையில் கிடைத்தால் வாயைத் தேய்த்துச் சமமாக்கிவிடலாம் என்று சில மாணவர்களுக்கு ஆசை. அது தேர்ந்த ஆயுத மிஸ்திரியின் வேலை. கண்டதை எழுதி, வரைபடம் போட்டு, இலக்குத் தாள்களையும் இணைத்து முறைப்படி அனுப்பி வைத்தோம். கயிறுகளைத் துவைத்து உலர்த்தி மூடியுள்ள தகர டப்பாவில் வைக்க ஏற்பாடாயிற்று. ஒருவன் துப்பாக்கியைக் கிடையாகப் பிடிக்க, மற்றவன் குழலுக்கு நேர் எதிரே நின்று ஒரே இழுப்பாக இழுப்பது என்றும், துணி வெண்மையாக வந்ததும் நிறுத்திவிடுவது என்றும் தீர்மானம் செய்தோம்.

இதில் குற்றவாளி யார் என்று நாம் யோசித்ததுண்டு. ஒருவருமில்லை. அலட்சியத்தால் கெட்ட சாமானை உலகம் உடனே கண்டுகொள்ளும். துரு தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். அக்கறையால் கெட்ட சாமானோ பளபளவென்று மின்னிக்கொண்டிருப்பதால் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. உபாத்தியாயர் தொழிலில் இருக்கிற நமக்கு இது உறைக்கத்தான் செய்கிறது. ஒரே பிள்ளையை ஒரே பக்கமாகத் தினமும் 'திருத்தி'க்கொண்டே இருந்தால், தேர்வு நாளில் அவன் குறி தப்புவதற்குக் காரணம் அவன் கைதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பையனுடைய பெயர் பட்டியலில் திரும்ப ஏறியது. அணியில் அவன் ஐந்தாவது ஆள்; பரிசு ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் முகாம் முடியும் நாளில் பயிற்சியாளர் எல்லார் முன்னிலையிலும், "கோளாறு துப்பாக்கியில்தான் இருந்தது, தம்பி" என்று அவனிடம் சொன்னார். அதைச் சொல்ல அவருக்குப் பெரிய மனம் வேண்டியிருந்தது. அதையும் இங்கே பதிவு செய்வது நமது கடமை. பையன் விறைப்பாக நின்று சலாம் வைத்தான். பிறகு, கட்டளை ஏதும் இல்லாமலே, தகர டப்பாவைத் திறந்து கயிற்றை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனான். குழலுக்கு நேர் எதிரேதான் நின்றான்.